பன்னிரண்டு சிவப்பு

வூப்பர்டாலில் ரயில் தொங்கிக்கொண்டு போகும்.
கீழே ஆறு, மேலே தண்டவாளம்.
நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை
எங்கள் ஜன்னலில் அது வயிறு காட்டிக் கடக்கையில்
இருபத்தேழு தலைகள் திரும்பும்.
எந்தச் செயலியாலும் தடுக்க முடிந்ததில்லை.
நானும் திரும்புவேன்.

இன்று ஏழாம் வகுப்புக்குக் குறை எண்கள்.
(ஜெர்மனில்தான் நடத்துகிறேன்;
தமிழில் நினைக்கும்போது மட்டும்
அந்தப் பெயர் சுருக்கென்கிறது.)

டேப்லெட்டுகளை எடுத்தோம்.
நான்கில் சார்ஜ் இல்லை.
ஒன்றின் முகத்தில் போன வருடத்து விரிசல்,
மால்ட்டே அதைத்தான் கேட்டு வாங்குவான்.
என் திரையில் ஒவ்வொரு பெயருக்கும்
பன்னிரண்டு கட்டங்கள்.
பச்சை, பச்சை, சிவப்பு, பச்சை.
முஜ்தபாவின் வரிசை
பிசிறில்லாமல் சிவப்பு.

சந்தேகம் அங்கேதான் தட்டியது.
ஒன்றும் தெரியாதவனுக்கும்
குருட்டாம்போக்கில் இரண்டு சரியாகும்.
பன்னிரண்டும் தப்பாக வேண்டுமென்றால்
ஏதோ ஓர் ஒழுங்கு வேண்டும்.

செயலி அவனுக்கு ஒரு காணொளி போட்டுக் காட்டியது:
பனிக்கரடி ஒன்று
வெப்பமானியில் ஏறி இறங்கியது.
பார்த்தான். மறுபடி செய்தான்.
மறுபடி பன்னிரண்டு.
கரடி இப்போது மெதுவாகப் பேசியது.

ஓம்துர்மானிலிருந்து வந்து ஐந்து மாதம்.
ஜெர்மனில் நன்றி தெரியும், கழிப்பறை தெரியும்,
புரிந்தது தெரியும்.
புரியாதபோதெல்லாம் அதைச் சொல்வான்.

எல்லாவற்றையும் மூடச் சொன்னேன்.
என் மேசையில் கழுத்து வளைந்த ஒரு கேமரா இருக்கிறது.
கணினிப் பிரிவின் டோரன்பெர்க்
கழிவுப் பட்டியலில் அதை இருமுறை ஏற்றினார்,
இருமுறையும் நான் சண்டை போட்டு இறக்கினேன்.
அதன் கீழே முஜ்தபாவின் நோட்டு.
சுவர் முழுக்க அவன் கை,
நகக்கண்ணில் ஆரஞ்சுத் தோலின் மஞ்சள்.

3 − 8

பென்சில் எட்டில் இறங்கியது.
கோட்டைத் தாண்டி மூன்றுக்கு வந்தது.
கொஞ்சம் நின்றது.
ஐந்து, என்று எழுதியது.

ரயில் போனது. ஒரு தலையும் திரும்பவில்லை.

"அவன் அந்தப் பக்கத்திலிருந்து வர்றான்!"
கடைசி வரிசையில் அனெலீ,
கை தூக்கக்கூட மறந்துபோய்.

அவன் ஊர்ப் பள்ளியில்
கணக்கும் வலமிருந்து இடம் ஓடுமாம்.
எனக்குத் தெரியாது.
பதினாறு வருட வேலை, பயிற்சிச் சான்றிதழ் ஒன்பது,
எதிலும் இந்தச் செய்தி இல்லை.
பன்னிரண்டு விடைக்கும் குறியை மட்டும் மாற்றிப் பார்த்தேன்.
பன்னிரண்டும் சரி.

நோட்டில் ஓர் அம்பு போட்டேன், இடமிருந்து வலம்.
அவன் யோசித்து,
அதன் கீழே தன் அம்பைப் போட்டான்.
நாங்களும் அப்படிச் செய்யலாமா என்றது ஒரு குரல்.
மணியடிக்கும்வரை வகுப்பே வலமிருந்து கழித்தது.
மால்ட்டே எல்லாவற்றிலும் தப்பினான்,
பெருமையாக.
முஜ்தபா எழுந்து போய்
விரிசல்களுக்கு நடுவே விரல் வைத்து
எங்கே என்று காட்டினான்.

அந்தச் சிவப்பை நான் திட்டமாட்டேன்.
இருபத்தேழு பேரில்
எந்த மேசையருகே போய் நிற்பதென்று
அதுதான் சொன்னது.
போய் நின்றபின் சொல்ல
அதனிடம் கரடியைத் தவிர ஒன்றுமில்லை.

மாலையில் அறிக்கை வந்திருந்தது.
முஜ்தபா: அடிப்படை போதாது.
பரிந்துரை: ஐந்தாம் வகுப்புப் பயிற்சிகள்.
ஆசிரியர் குறிப்புக்கு ஒரு கட்டம்,
அறுபது எழுத்துக்குள்.

வலமிருந்து படிக்கவும், என்று எழுதினேன்.
சேமிக்கப்பட்டது என்றது.
நிறம் மாறவில்லை.