அழித்தது போக

கணபதியில் பட்டறைகள் சற்று மூச்சு விடும் நேரம்,
மதியம் இரண்டரை.
ராக்கியப்பன் மாடியேறி வந்தான்
எங்கள் மாலைப் பத்திரிகைக்கு.
பைக்குள் தூக்குப்போசி,
அதற்கடியில் நாலு தாள்.
ஒவ்வொன்றிலும் சிவப்பில் ‘இரகசியம்’.
அந்தச் சொல்லை அவ்வளவு பக்கத்தில்
நான் பார்த்ததில்லை.
முத்திரை கொஞ்சம் சாய்ந்திருந்தது
ரேஷன் கடை ரசீதில் விழுவதுபோல.

“நெஞ்சுத் தகடுங்ணா. பட்டாளத்துக்குப் போறது.
மூணாவது லாட்டச் சுட்டுப் பாத்தோம்.
பத்துக்கு நாலு பொளந்துருச்சு.
பாஸுன்னு எழுதிட்டாங்க.
மேல சொன்னேன்.
மேல இருக்கறவங்க
அதுக்கும் மேல கையக் காட்டறாங்க.
போட்ருங்ணா.”

போட்டுவிடலாம்.
ஆனால் தாளில் எல்லாமே இருந்தது:
எந்த ஓரம், எத்தனை விரற்கடை உள்ளே,
எத்தனை அடியிலிருந்து, எந்தக் குண்டு.
நேராகப் பிடித்தால் புகார்.
திருப்பிப் பிடித்தால்
குறி பார்க்கிறவனுக்கு நாமே எழுதும் கடிதம்.

போடாவிட்டால்
அதே கடிதம்
பனியில் நிற்கிறவன் மார்பில்
பிரிக்காமல் கிடக்கும்.
ஒரு நாள் யாராவது பிரிப்பார்கள்.

ஆசிரியர் சம்பூரணம்
மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படித்தார்.
தாள் பறக்கக் கூடாதென்றா
வேறெதற்கா, தெரியவில்லை.
அவர் தம்பி மகன் லடாக்கில் இருப்பது
எனக்குத் தெரியும்.
அவர் அதைச் சொல்லவில்லை, நானும்.
நாட்டுப்பற்று என்ற சொல்
அன்று அந்த அறையில் யார் வாயிலும் வரவில்லை.
வந்தது, “வக்கீலைக் கூப்பிடு.”

வக்கீல் சொன்னார்:
ஏன் போட்டாய் என்று சட்டம் கேட்காது,
எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கும்.

தில்லிக்கு மூன்று கடிதம், ஏழு போன்.
விசாரிக்கிறோம், விசாரிக்கிறோம்.
பதினோரு நாள் பொறுத்தோம்.
பன்னிரண்டாம் நாள்
நாலாவது லாட்டும் லாரி ஏறியதென்று
ராக்கியப்பன் பேக்கரி போனிலிருந்து சொன்னான்.

தடித்த பேனாவால் நான்தான் அழித்தேன்.
ஓரத்தை அழித்தேன். அளவை. தூரத்தை.
குண்டின் பெயரை.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
இன்னொரு பூச்சுப் பூசினேன்.
எதிரிக்கு ஓர் அங்குலமும் கொடுக்கவில்லை.
பெருமையாகக்கூட இருந்தது.

தாளின் படத்தைப் போடாவிட்டால்
யாரும் நம்பமாட்டார்கள் என்றேன்.
அது என் யோசனை.

வியாழன், முதல் பக்கம், வண்ணத்தில்.
காந்திபுரத்தில் ஐந்து மணிக்குள் தீர்ந்தது.
சனிக்கிழமை தகடுகளைத்
திருப்பி வாங்குவதாகச் சொன்னார்கள்.
எத்தனை வந்தன,
எத்தனை ஏற்கெனவே யார் மார்பிலோ,
அது இன்னும் இரகசியம்.

ஞாயிறு காலை
ராக்கியப்பனைக் கூட்டிப் போனார்கள்.

படத்தின் வலது மூலையில், கீழே,
மங்கலாக ஒரு மஞ்சள்.
அரிசிம்பருப்பு பிசைந்த கட்டைவிரல்.
ஆய்வுக்கூடத்தில் ஏழு பேர்.
சாப்பிட்டபடி கோப்பு புரட்டுகிறவன்
ஒருவன்தான்.
அச்சு அன்று நன்றாக விழுந்திருந்தது.

அவன் மனைவி பூங்காவனம் வந்தாள்.
அழவில்லை.
பத்திரிகையை மேசையில் விரித்து
அந்த மூலையில் விரல் வைத்தாள்.
“இத்தன கறுப்படிச்சீங்களே,
இங்க ஒரு சொட்டு
வெச்சிருக்கக் கூடாதுங்களா?”

சம்பூரணம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.
யாரும் போகவில்லை.

வழக்கு அடுத்த மாதம், மூடிய கதவுக்குள்.
எதிரிக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்பார்கள்.
அவனிடம்தான் கேட்பார்கள்,
அழித்த கையிடம் அல்ல.

போட்டது சரி.
இப்போதும் சொல்வேன், யார் கேட்டாலும்.
சொல்லும்போது மட்டும்
கட்டைவிரல் தானாகவே
உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்கிறது.