குடை இல்லாத ஊர்

எங்கள் ஊரில் யாரும் குடை வைத்திருப்பதில்லை.
விரித்த கணமே காற்று அதைப் புரட்டிப்போட்டு
ஜலசந்தியில் எறிந்துவிடும்.
வசந்தம் வந்தால் நகராட்சிக்காரர்கள்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
வங்கி மேலாளரும் பள்ளிப் பிள்ளையும் நானும்
ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு
சாலையைக் கடப்போம்.

புந்தா அரேனாஸ்.
வரைபடத்தில் விரல் வழுக்கி விழும் இடம்.
இங்கே நண்டுத் தொழிற்சாலையில்
எனக்கு இரவு வேலை.
ஓடு உடைத்து, சதை பிரித்து
விடியலில் வீடு திரும்பினால்
என் கைரேகையை என் போனுக்கே தெரியாது.

மில்லராய்க்குப் பதிமூன்று.
கணக்குத் தொடங்கியபோது
பதினாறு என்று எழுதினாள்;
அது நம்பியது.
பிறகு ஒருவன் பதினைந்து என்று எழுதினான்;
இவள் நம்பினாள்.
இரண்டு பொய்கள் சந்தித்த இடத்தில்
ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

பாஸ்தியான் என்று பெயர்.
கால்பந்துச் சட்டை, ஒரு நாய்க்குட்டி.
முதல் மாதம் நாய்க்குட்டியைப் பற்றி மட்டுமே பேச்சு.
அடுத்த மாதம் அவள் அழுத இரவுகளை
அவன் எண்ணி வைத்திருந்தான்.
உன் அம்மா எத்தனை மணிக்குக் கிளம்புவாள்?
அக்கறை போலத்தான் இருந்தது என்றாள்.
எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.
இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை
வேறு யாரும் கேட்டதில்லை.

பிறகு ஒரு படம் கேட்டான்.
அனுப்பவில்லை என்கிறாள்.
இரண்டாம் முறை நான் கேட்கவில்லை.

பிறகு சனிக்கிழமை, நான்கு மணி,
கல்லறைத் தோட்ட நிறுத்தம்.
"உன் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் நான்.
பிறந்ததிலிருந்து இங்கேதான்.
நீலக் குடையோடு நிற்பேன்,
அதை வைத்துக் கண்டுபிடி."

குடை.

முதலில் சிரித்தாளாம்.
சிரிப்பு நின்ற பிறகு
காலிலிருந்து குளிர் ஏறியதாம்.

சனிக்கிழமை அவளும் தோழி ஓரியெட்டாவும்
பேருந்தில் அந்த நிறுத்தத்தைக் கடந்து போனார்கள்.
இறங்கவில்லை.
ஜன்னலுக்குக் கீழே தலையைத் தாழ்த்தி
கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தார்கள்.
சாம்பல் நிறக் கார்.
உள்ளே என் வயதுக்காரன் ஒருவன்.
மடியில் நீலக் குடை;
விரித்துப் பார்த்திருக்கிறான் போல,
ஒரு கம்பி உடைந்து தொங்கியது.

என்னிடம் சொல்ல அவளுக்கு
இன்னும் ஒன்பது நாள் ஆயிற்று.

ஏன்டி சொல்லவில்லை?
"போனைப் பிடுங்கிக்கொள்வாய்."

பிடுங்கியிருப்பேன்தான்.
அது அவனுக்கும் தெரிந்திருந்தது.
அம்மாவுக்குத் தெரிந்தால் போன் போய்விடும்
என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தான்.
என் மகளை உள்ளே வைத்துப் பூட்ட
அவன் பூட்டு வாங்கவில்லை.
என் கோபமே போதுமாக இருந்தது.

எதையும் அழிக்காதீர்கள் என்றாள்
காவல் அலுவலகத்தில் ஒரு பெண்.
அச்செடுத்தபோது இருநூற்றுப் பதினான்கு பக்கம்.
நாற்பதோடு நான் நிறுத்திவிட்டேன்.
முப்பத்தெட்டில் என் மகள் எழுதியிருக்கிறாள்:
அம்மாவின் கையில் நண்டு வாசம் வரும்,
அது வந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

பதிமூன்று வருடம்
எலுமிச்சை போட்டுத் தேய்த்துக் கழுவிய கை.
அது அவனுக்குத் தெரிந்திருந்தது,
எனக்குத் தெரியவில்லை.

காரின் எண்ணைத் தேடுகிறார்கள்.
இன்னும் கிடைக்கவில்லை.

போன் அவளிடமே இருக்கிறது.
ஒருநாள் பிடுங்கினேன்,
மறுநாள் திருப்பிக் கொடுத்தேன்;
அந்த ஒருநாள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.
இரவு பத்து மணி இடைவேளையில்
விரல்கள் ஈரமாக இருப்பதால்
மூக்கால் தட்டி எழுதுகிறேன்.
எழுத்துப் பிழைகளைப் பார்த்துச் சிரிக்கிறாள்.
தூங்கு என்கிறேன்.

"நீ என் அம்மாதான் என்று
நான் எப்படி நம்புவது?"

நல்ல கேள்வி.
நண்டு வாசத்தை எப்படி அனுப்புவது
என்று யோசித்துக்கொண்டே
கையுறையை மாட்டுகிறேன்.