பதினேழாவது கட்டம்

வலிநோக்கத்தில் கரண்ட் போனால்
உப்பளம் மட்டும் வெளுத்துத் தெரியும்.
அந்த வெளிச்சத்தில்தான் வரைகிறேன்,
ஐஸ் கம்பெனிக் கணக்கு நோட்டின் பின்பக்கம்,
ஜப்பான்காரர்கள் போடுகிற மாதிரி
வலமிருந்து இடமாக,
கூரிச்சாத்தனின் கதையை.

ஜமீனுக்கு முந்தின சேதுச் சீமை.
தலைவெட்டி என்பது அவன் பட்டம்.
மானியம் இரண்டு குறுக்கம் உவர்நிலம்,
வெட்டுக்கு ஒரு மரக்கால் வரகு.
செக்குக்காரன் எண்ணெயைத் தரையில் வைத்துவிட்டு
உள்ளே போய்த் தாழ் போடுவான்.
அதற்கு மூன்று கட்டம்:
கலயம். கதவு. கலயம்.

அடுத்ததில் பனங்காடு.
புயலில் கொண்டை முறிந்து
வரிசையாய் நிற்கும் மொட்டைப் பனைகள்.
நடுவே அவனை நிறுத்தியதும்
இத்தனையையும் யார் வெட்டியது என்று
எனக்கே ஒரு கணம் சந்தேகம்.

குற்றவாளி கஸ்பார், முத்துக் குளிப்பவன்.
சலாபத்தில் அரசாங்கப் பங்கு முத்தை
விழுங்கிவிட்டான் என்பது வழக்கு.
"அப்ப வயித்தைத்தானே கிழிக்கணும்,
கழுத்து என்ன பண்ணுச்சு?" என்றான் தம்பி.
பேச்சுக் குமிழிக்குள்
அதற்குப் பதில் எழுத இடமில்லை.

பதினாறில் வாள் மேலே.
பதினெட்டில் வாள் மணலில்.
நடுக் கட்டம் மூன்று வாரமாய் வெறுமை.
ராமநாதபுரம் அரண்மனை வாசலில் வாங்கிய மையை
ஒரு ராத்திரி அதில் கொட்டிப் பார்த்தேன்.
விடிந்ததும் தாள் வெள்ளையாய்க் கிடந்தது.
நக்கினேன், கரித்தது.

பின்கதை தானாக வந்தது.
உடல் நரிக்கு என்று தீர்ப்பு.
நடுச்சாமம் ஓலைப் பந்தத்தோடு வருகிறார்கள்
கூரிச்சாத்தனும் பெண்டாட்டி வெள்ளத்தாயும்.
அவள் மடியில் தலை.
கையில் வலை பொத்தும் ஊசி, பனைநார்.
பேன் பார்க்கிறவள் போல் சம்மணமிட்டு
பிடரியிலிருந்து தைக்கிறாள்.
"இறுக்காதே, மூச்சு முட்டும்"
என்கிறான் வெட்டினவன்.
கதை முழுக்க இந்த ஒரு வசனத்தைத்தான்
அழிக்காமல் எழுதினேன்.

கடைசித் தையல் நாடிக்குக் கீழே.
நாரைப் பல்லால் கடித்து அறுக்க
அவள் குனிகிறாள்.
தலை வாய் திறக்கிறது.
நாக்கடியில் முத்து இல்லை.
குளித்துப் பழகியவன்
மேடை ஏறும்போது அடக்கிய மூச்சு
அவள் முகத்தில் மோதிப்
பந்தத்தை அணைத்தது.

அடுத்த இரண்டு பக்கமும் முழுக் கருப்பு.
ஒரு புட்டி மை காலி.
அந்தக் கருப்பு மட்டும் வெளுக்கவில்லை.

கரண்ட் வந்து ஃபேன் கிறீச்சிட்டது.
பாயில் தம்பி குப்புறக் கிடந்தான்,
முடி வெட்டிய புதுப் பிடரி தெரிய.
போர்வையைக் காது வரை இழுத்துவிட்டேன்.
காலையில் கேட்பான்,
பதினேழு ஆச்சா என்று.