சாதாரண வருடம்

பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் பயிற்சி மையம்.
வர்க்கி வேகும் வாசனை முதலில் படியேறும்,
பின்னாலேயே மாணவர்கள்.
கேள்விக்கு எட்டு ரூபாய் எனக்கு.
நான்கு விடையும் நானே தர வேண்டும்,
மூன்றைப் பொய்யாக.

கோத்தகிரியில் மூன்றாம் நாளாக மின்சாரமில்லை.
கட்டபெட்டுச் சாலையில் கற்பூர மரம் சாய்ந்து
கம்பியை அறுத்துவிட்டதாம்.
மெழுகுவத்தியை நகர்த்தி வைத்து
ஆயிரத்து அறுநூற்றுப் பத்தைத் திறந்தேன்.

பாரிஸில் வண்டி நெரிசலில் நிற்கிறது.
சக்கரத்தில் கால் வைத்து ஏறியவனின் கத்திக்கு
ஒரு ராஜா.
கொலைப்பழிக்கு மன்னிப்பு கிடைக்குமென்று
ஊர் திரும்பிய ஓவியனுக்கு
கடலோரத்தில் காய்ச்சல்.
பாதுவாவில் கண்ணாடிக் குழல் வைத்துப் பார்த்தால்
வியாழனைச் சுற்றி நான்கு நிலவு.
டச்சுக் கப்பலிலிருந்து இறங்கியது
ஐரோப்பாவின் முதல் தேயிலை.

இந்த இடத்தில் பேனா நின்றது.
டம்ளரில் டீ ஆறிக் கிடந்தது.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குன்று முழுக்க
அதே செடி, இடுப்பளவில் வெட்டி நிறுத்தியது.
அந்த வருடம் இங்கே அது ஒன்றுகூட இல்லை.
உருளைக்கிழங்கு இல்லை, கேரட் இல்லை,
சாய்வதற்குக் கற்பூர மரமும் இல்லை.

பஞ்சாங்கத்தில் தேடினேன்.
அறுபதில் அந்த வருடத்தின் பெயர்
சாதாரண.
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அப்புறம், தூக்கம் வராதவன் செய்யும் கணக்கு:
கல்லட்டிச் சரிவில் குறிஞ்சி பூத்தது
இரண்டாயிரத்துப் பதினெட்டில்.
பன்னிரண்டு பன்னிரண்டாகக் கழித்துக்கொண்டே போனேன்.
முப்பத்து நாலாவது தடவை
அறுநூற்றுப் பத்தில் கால் ஊன்றியது.
செடி இடையில் எண்ண மறக்காதிருந்தால்.
வானத்து வியாழனுக்கும் ஒரு சுற்றுக்கு
ஏறக்குறைய அவ்வளவு நாள்தான்.

எழுதுகிறேன்.
காங்கி, எந்தப் பக்கத்திலும் இல்லாதவள், நான் இட்ட பெயர்,
மைசூர்ப் பக்கமிருந்து ஏறி வந்த வீட்டில்
மலையில் பிறந்த முதல் பெண்.
சாமைக் காட்டில் களை பறித்து நிமிர்ந்தால்
எதிர்மலை நீலம்.
போன பூவுக்கு அவளுக்கு ஆறு வயது.
அன்று அம்மாவின் தோளிலிருந்து பார்த்தாள்.

பெள்ளனும் என் கற்பனை. குறும்பன்.
மச்சினன் மேலே கயிறு பிடிக்க
பாறையில் தொங்கித் தேன் எடுத்தான்,
மூங்கில் குழாய் குழாயாக.
ஒரு குழாய்க்கு ஒரு படி சாமை என்பது பேச்சு.
அந்த வருடம் தேனீ எல்லாம் பைத்தியம் பிடித்துச் சேர்த்ததில்
ஊருக்கு ஊர் தேன்.
காங்கி அரைப்படிதான் அளந்தாள்.

"பாறை பாதியாகிவிட்டதா?" என்றான் அவன்.

அவள் பதில் சொல்லவில்லை.
அவன் அங்கேயே உட்கார்ந்து
குழாயைக் கவிழ்த்து
தன் தேனைத் தானே குடிக்கத் தொடங்கினான்,
மடக் மடக்கென்று, தாடியில் வழிய.
பாதியில் திகட்டி இருமினான்.
அவள் தண்ணீர் கொண்டுவந்தாள்.
அப்புறம் படியையும் நிரப்பினாள்,
மீதி அரைக்குழாய்க்கு.

மறுநாள் விடியுமுன் எருமைக்கு எழுந்தவளுக்கு
கிழக்கே பெரிதாக ஒரு வெள்ளி தெரிந்தது.
ஒன்றுதான் தெரிந்தது.

கேள்வி 61.
ஆயிரத்து அறுநூற்றுப் பத்தில்
நீலகிரியில் ஒரு குழாய் தேனின் விலை என்ன?
அ) ஒரு படி சாமை
ஆ) அரைப்படி
இ) ஒரு சொம்புத் தண்ணீர்
ஈ)

மையத்துக்காரர் இதை அடித்துவிடுவார்,
எட்டு ரூபாய் போகும்.
கீழே தட்டுத் தட்டாக வர்க்கி இறக்குகிறார்கள்.
ஈ-க்கு எதிரே
மெழுகு ஒரு சொட்டு விழுந்து
வெள்ளையாக இறுகியது.
சுரண்டவில்லை.