உருண்டை அல்ல

இரவு மூன்றேகாலுக்கு
குழாயில் காற்றிழுக்கும் சத்தம்.
வெள்ளவத்தையில் தண்ணி நிற்கப்போகையில் இப்படித்தான் கேட்கும்.
எழும்பி லைட்டைப் போட்டால்
கட்டிலடியில் லாச்சி,
கழுத்து நீண்டு, வயிறு ஒட்டி,
தரையோடு தரையாய்.
ஹக். ஹக்.
ஒன்றும் வரவில்லை.
வராததற்கு வெட்கப்பட்டதுபோல
என்னைப் பாராமல் போய் யன்னலில் இருந்தது.

லாச்சி என்றால் மேசை லாச்சிதான்.
போன ஒக்டோபர் மழையில்
விற்கவென்று இழுத்த பழைய மேசைக்குள்
கண் திறவாமல் கிடந்தது.
மேசை இன்னும் வீட்டில் நிற்கிறது.

இரண்டு நாளாய்ச் சாப்பாடில்லை.
சூரைத் தலையை மணந்துவிட்டு
முதுகை நக்கிக்கொண்டிருந்தது.
சுத்தமான பிள்ளை என்று
நானும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேனே.

துவாய் விரித்த கூடையில் வைத்து
ஓட்டோவில் கிருலப்பனைக்கு.
டொக்டர் நிலந்தி அதன் வயிற்றை
மாம்பழம் வாங்குபவர்போல் அமத்திப் பார்த்தார்,
படமெடுத்தார்.
அடைப்பில்லை. அடைத்திருந்தால் வெட்டவேண்டும்.
சாப்பிடாத பூனையோடு
இரண்டு நாள் ஏன் வீட்டில் இருந்தீர்கள்
என்று சிங்களத்தில் கேட்டார்.
புதுக்கடைக் கோட்டில் பதினொரு வருடமாய்
அந்த மொழியை இந்த மொழியாக்கும் எனக்கு
அதற்கு இரண்டிலும் பதிலில்லை.

பூனை நாக்கு முழுக்கக் கொக்கி என்றார்,
எல்லாம் தொண்டையைப் பார்த்து வளைந்தவை.
பட்டது உள்ளேதான் போகும்,
துப்ப இயலாது.
நான் வாயை மூடிக்கொண்டேன்.

தேன் நிறத்தில் ஒரு பசை தந்தார்.
தின்னாது; முன்னங்காலில் பூசு,
ஊத்தையென்று நினைத்து தானே நக்கும்.
இந்தத் தந்திரம் நான் அறிந்ததுதான்.
குறுக்கு விசாரணையில் தினமும் நடக்கிறது.

பிறகு சீப்பு. மகள் விட்டுப்போன பேன்சீப்பு.
முதல் நாள் ஒரு நெருப்புப்பெட்டி நிறையக் கறுப்புமயிர்,
மூன்றாம் நாள் தலையணைக்கே காணும்போல.
நாலாம் மாடி பர்ஹானா
பால்மா டின்னில் நெல் முளைக்கவைத்துத் தந்தா.
அவித்த பூசணி ஒரு கரண்டி, மீனுக்குள் ஒளித்து.
தண்ணியைத் தன் கிண்ணத்தில் குடியாது,
என் தேத்தண்ணிக் கோப்பையில்தான் குடிக்கும்.
சரி, கோப்பையும் போனது.

வெள்ளிக்கிழமை, பாணந்துறைப் பக்கம் முதல் ரயில் போகையில்
வந்தது.
அழைப்பாணை உறையின்மேல்.
உருண்டை என்கிறார்கள், உருண்டையே இல்லை.
சுண்டுவிரல் நீளத்தில் ஈரச் சுருட்டு.
தும்புத்தடிக் குச்சியால் பிரித்தேன், ஏனென்று தெரியாது.
கறுப்பு, கறுப்பு, நடுவில்
சுற்றிச் சுற்றி நீளமாய் ஒன்று,
பாதி நரை.

லாச்சி அதைத் தாண்டி நடந்து
குசினி வாசலில் நின்று கத்தியது.
சூரை அவிந்துகொண்டிருந்தது.
அது வேகுமட்டும்
யன்னலடியில் பேப்பரை விரித்து
முதலில் என் தலையை வாரினேன்,
கழிந்ததைச் சேர்த்து முடிந்து
மூடியுள்ள வாளியில் போட்டேன்.

ஞாயிறு நெல்முளையைத் தின்று
பச்சையாய்ச் சத்தி எடுத்தது.
அதுவும் நல்லதுக்குத்தான் என்றார் டொக்டர்.
விரிப்பைத் தோய்க்கப் போட்டிருக்கிறேன்.