பிறந்த திகதி: ஜனவரி ஒன்று

வளர்ச்சி, நிதி, முதுமை என்று தலைப்பு.
இரண்டு வருடக் காசு, பதினாறு பக்கக் கேள்வித்தாள்,
மல்லாவிக்கு அப்பால் நூற்றுத் தொண்ணூறு வீடு.
படலை படலையாக நின்று கேட்டேன்:
எத்தனை பேர், என்ன வயது,
எவரிடம் கடன், எத்தனை வீத வட்டி.

இரவு, வாடகை அறையில் தரவைத் திறந்தால்
அறுபத்துமூன்று பேர்
ஜனவரி ஒன்றில் பிறந்திருக்கிறார்கள்.
எண்ணைப் பிழையாகத் தட்டினேனோ என்று
தாள்களை மறுபடி புரட்டினேன்.
பிழையில்லை.

அது முகாம் வரிசையில் பிறந்த நாள்.
எரிந்த அட்டைக்குப் புது அட்டை.
மேசைக்குப் பின்னால் இருந்தவன்
முகத்தைப் பார்த்து வருடத்தை எழுதினான்,
மாதத்துக்கும் நாளுக்கும் நேரமிருக்கவில்லை.
மூன்று மாதம் சாப்பிடாத முகம்
ஐந்து வயது கூடித்தான் தெரியும்.

"எனக்கு ஐம்பத்தேழு, அட்டைக்கு அறுபத்திரண்டு.
லீசிங்காரன் அட்டையோடதான் கதைக்கிறான்"
என்றார் கமலநாதன்.
வவுனிக்குளத்துத் தண்ணீரில் இரண்டரை ஏக்கர்,
கேட்டது ஒரு லாண்ட்மாஸ்டர், நான்கு வருடத் தவணை.
அறுபதுக்கு மேல் இல்லையாம்.
கடைத்தெருவில் மூன்று நிதி நிறுவனம்;
ஆஸ்பத்திரியைவிட அவற்றுக்கு வெளிச்சம் அதிகம்.

"நீங்கள் எழுதிற ஆள்தானே பிள்ளை,
அந்த ஐஞ்சை எங்கையாவது
திருப்பி எழுதேலாதோ?"
என் தாளில் வயதுக்கு ஒரே ஒரு பெட்டி.
ஐம்பத்தேழு என்று எழுதினேன்,
எந்த வங்கியும் வாசிக்காத தாளில்.

இளமை கடன்படும், நடுவயது சேர்க்கும்,
முதுமை அதைச் செலவழிக்கும்.
பத்து வருடமாக வகுப்பில் சொல்லிவருகிற கணக்கு.
மக்கள்தொகைக் கூம்பு என்று பலகையில் கீறிக் காட்டுவேன்.
இங்கே கீறினால் வந்தது உடுக்கு.
கீழே பள்ளிப் பிள்ளைகள், மேலே நரை,
முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவே
ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் இடை.
அங்கிருந்தவர்களில் பாதிப்பேர் எங்கே என்று
பதினோராம் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு.
கேட்கும்போது பேனையைப் பார்த்துக்கொண்டு கேட்பேன்.

கொழும்பிலிருந்து எழுதினார்கள்:
வளைகோடு முறிந்து முறிந்து போகிறது,
மாதிரி ஓடாது, சீராக்கி அனுப்பவும்.

அதற்கு ஒரு விசை போதும்.
அழுத்தினேன்.
நூற்று நாற்பத்தொரு பேர்
இடைக்குள் எழும்பி வந்தார்கள்.
பெயரில்லை, வங்கிப் புத்தகமில்லை,
ஆனாலும் உழைத்தார்கள், சேமித்தார்கள்,
மேலிருந்த கிழடுகளைத் தாங்கினார்கள்.
வளர்ச்சி அரை வீதம் கூடிற்று.
முப்பத்தாறு வயதுப் பட்டையில் சுட்டியை வைத்து
கொஞ்ச நேரம் இருந்தேன்.
என் அண்ணனுக்கு
இந்த வருடம் முப்பத்தாறாகியிருக்கும்.

இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு
அந்தப் படத்தைத்தான் அனுப்பினேன்.
முறிந்தது பையில் கிடக்கிறது,
பேருந்துச் சிட்டைகளோடு ஒரு பென்டிரைவில்.
அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்:
வயதுத் தரவு சீராக்கப்பட்டது.
யார் யாரை வைத்து என்று
அடிக்குறிப்பில் யாரும் கேட்பதில்லை.

நேற்றுக் கமலநாதன் எடுத்தார்.
லாண்ட்மாஸ்டர் வந்துவிட்டதாம்,
மருமகள் சுகிர்தாவின் பெயரில்.
அவளுக்கு இருபத்தொன்பது,
வட்டி இருபத்தெட்டு,
வியாழன் முதல் தவணை.
காலபோகத்துக்கு உழத் தொடங்கியாயிற்று.

அவளுக்கும் ஜனவரி ஒன்றா என்று கேட்டேன்.
"இல்லைப் பிள்ளை, அவளுக்குச் சரியான நாள் இருக்கு,
புரட்டாதியில..."
இயந்திரம் திரும்பி வரம்புப் பக்கம் வந்தது போல,
மிச்சம் கேட்கவில்லை.