சூரியனுக்கு முந்திய மூன்று நாள்

நவம்பர் கடைசிக்குப் பிறகு
வார்டோவில் சூரியன் எழுவதில்லை.
ஜனவரியில் ஒரு மதியம்
கடலுக்குமேல் நகக்கீறலாய்த் தலைகாட்டும்.
அன்று பள்ளிக்கு விடுமுறை,
பிள்ளைகள் கையெல்லாம் இனிப்பு பன்.

இடைப்பட்டவற்றையும்
நாங்கள் நாள் என்றுதான் சொல்கிறோம்.
மீன் ஆலையின் சங்கு ஊதினால் காலை.
கடையின் இரும்புக்கதவு இறங்கினால் மாலை.

என் கணவன் எய்லர்ட்டுக்கு இது போதும்.
ஜெபவீட்டில் வேதம் வாசிப்பவன் அவன்.
ஆறு என்றால் ஆறு.
ஓஸ்லோவிலிருந்து வந்த வாத்தியார்
ஒரு ராத்திரி, எங்கள் மேசையில், மடக்கினார்:
சூரியனையே நாலாம் நாள்தான் படைத்தார் என்றால்
முதல் மூன்று நாளை எதைக்கொண்டு அளந்தார்கள்?
எய்லர்ட் மீன்முள்ளைத் தட்டோரம் ஒதுக்கினான்.
"நீங்கள் இங்கே வந்து எத்தனை நாள்?"
"ஒன்பது."
"எதைக்கொண்டு அளந்தீர்கள்?"

சிரித்துவிட்டேன்.
அவன் பக்கம் நின்று அல்ல.
நான் கல் படிப்பவள்.
வளைகுடாவின் உள்முனையில் ஒரு பாறை இருக்கிறது;
பனியாறு ஊர்ந்தபோது கீறிய கோடுகள்,
வயது அறுபது கோடி ஆண்டு.
ஆறுக்கும் அறுபது கோடிக்கும்
எங்கள் கட்டிலில் ஒரு முழம் இடைவெளி.

கவிதையாக எடுத்துக்கொள்ளுங்களேன் என்பாள்
பாதிரி சிக்னே, இருவருக்கும் நடுவில் பாய் விரித்து.
அவளை இருவருக்குமே பிடிக்காது.
கவிதை என்றால் என்ன,
கணக்கு தப்பலாம் என்றா?

பிறகு அந்த டிசம்பர்.
ட்ரொம்ஸோ ஆஸ்பத்திரி, கண்ணாடிப் பெட்டி,
என் உள்ளங்கையைவிடச் சற்றே நீண்ட முதுகு.
ஒத்தீலியே என்று பெயர் வைத்தோம்.
ஜன்னலில் இருட்டு நகரவேயில்லை.
தாதி ஒருத்தி மணிக்கொரு தரம்
தாளில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள்.
இரண்டாம் நாள் வந்து சொன்னாள்:
நீர் பிரிந்தது, நல்ல அறிகுறி.
எய்லர்ட் என்னைப் பார்த்தான்.
நான் குழாய்களைப் பார்த்தேன்.
நாலாம் நாள் கண் திறந்தாள்;
விளக்கைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.
ஐந்தாம் நாளைப் பற்றி எனக்கு ஒன்றும் நினைவில்லை.
அதை மன்னிக்க முடியவில்லை.

ஆறு நாள் இருந்தாள்.

இதை யாராவது உருவகம் என்று சொல்லட்டும்,
கையில் இருக்கிற சுத்தியலை எறிவேன்.
யுகம் என்று நீட்டவும் வேண்டாம்,
கண்சிமிட்டல் என்று சுருக்கவும் வேண்டாம்.
நூற்று நாற்பத்து நாலு மணிநேரம்.
தாள் இன்னும் இருக்கிறது.

ஜெபவீட்டில் இப்போதும் அவன்தான் வாசிக்கிறான்,
ஒரு எழுத்தும் விடாமல்.
ஏழாம் நாளில் வரும் ஓய்வு என்ற சொல்லை மட்டும்
இருமலில் தாண்டிவிடுகிறான்.
யாரும் கேட்பதில்லை. நானும்.

பன் தின்னும் நாளுக்கு மறுநாள்
அவனைப் பாறைக்குக் கூட்டிப்போனேன்.
அவனாகக் கேட்டதுதான்.
கையுறையைக் கழற்றி
ஒரு கோட்டில் விரல் வைத்தான்.
"இந்த ஒன்றைக் கீற எவ்வளவு காலம்?"
பனி எப்படி நகர்ந்ததோ, யார் கண்டது.
"ஒரு நாள் போதும்," என்றேன்.
"சாதாரண நாளா?"
"சாதாரண நாள்."

காரில் ஏறி, எஞ்சினைப் போடாமல்,
வெகுநேரம் கழித்து:
"அதில் மாலையும் இருந்திருக்குமா?"
"இருந்திருக்கும்," என்றேன்.
மணி ஒன்றரை.
வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.